பரிசு பெற்ற பெண்ணும் பேனா பிடித்த நாமும்

மாதர் தினத்தையொட்டிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்திற்கு நாமும் போயிருந்தோம். உலகப் பரிசுகள் பெற்ற பெண்மணிகளின் படங்களை மேடைக்குப் பின்னால் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார்கள். 1903-லும் 1911-லும் நோபல் பரிசு பெற்ற மேரி க்யூரி அம்மையார் நடுநாயகமாக வீற்றிருந்தார். காப்பித் தோட்டங்களில் சிறு வயதிலேயே கூலி வேலை செய்து, 1992-ல் சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்ற குவாத்தமாலா தேசத்து ரிகோபெர்த்தா மென்ச்சு அம்மையார் பக்கத்தில் இருந்தார். வரிசையின் கடைசியில் நம் நாட்டு ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் படமும் இருந்தது. தலைமை வகித்தவர் ஆண், வரவேற்றவர் ஆண், நன்றி கூறியவரும் ஆண். குத்துவிளக்கு ஏற்றுவதும் பன்னீர் தெளிப்பதும் பெண்களுக்கு விடப்பட்டன. அதைப்பற்றி நாம் இன்று வழக்காட வரவில்லை. "நம் தோட்டத்து மண்ணில் முளைத்து உலகப் பரிசு பெற்ற வீராங்கனை" என்று ஒருவர் முழங்கியபோது மண்டபமே கைதட்டிற்று, நாமும் தட்டினோம். அப்படித் தட்டுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை உண்டு என்பதே இவ்வியாசத்தின் கேள்வி.

முதலில் அந்த அம்மையார் எதற்காகப் பரிசு பெற்றார் என்பதைப் பார்ப்போம். ஏனெனில், அன்று பேசியவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அவர் 1946-ம் வருஷம் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பெற்றோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள்; தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவர். மகள் பள்ளிக்கூட ஆசிரியையானார். மாதச் சம்பளம், மரியாதை, ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கக்கூடிய அந்த உத்தியோகத்தை 1970-ல் உதறிவிட்டு, ஜவுளி ஆலைப் பெண்களைச் சங்கமாகத் திரட்டும் வேலைக்குப் போனார். வீட்டிற்குள் அடிபடும் பெண்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டுமென்று போராடிய மாதர் இயக்கங்களில் முன்நின்றார். அச்சட்டம் 1994-ல் நிறைவேறிற்று. 1991-ல் 'தெனாகானித்தா' என்ற ஸ்தாபனத்தைக் கோலாலம்பூரில் தொடங்கினார். பெண்களின் வலிமை என்பது அப்பெயரின் பொருள்.

1995-ல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நியத் தொழிலாளிகளை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாம்களில் என்ன நடக்கின்றது என்பதை, அங்கிருந்து வெளிவந்த 300-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை அது. போதிய உணவில்லை, மருந்தில்லை, அடி உதை உண்டு, தடுக்கக்கூடிய நோயினால் மனிதர்கள் சாகின்றார்கள் என்று அது கூறிற்று. அடுத்த வருஷமே, 1996 மார்ச்சில், அவர் கைது செய்யப்பட்டார். பொய்ச் செய்தியைத் தீய எண்ணத்துடன் பிரசுரித்தார் என்பது 1984-ம் வருஷத்து அச்சகச் சட்டத்தின் கீழ் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். கோலாலம்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவ்வழக்கு ஏழு வருஷங்கள் இழுத்தது. 2003 அக்டோபரில் ஒரு வருஷச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அப்பீல் செய்து ஜாமீனில் வெளிவந்தார். அவருடைய பாஸ்போர்ட்டு கோர்ட்டின் வசத்தில் இருந்தது. தண்டனை பெற்றவர் என்பதால் 2004-ம் வருஷப் பொதுத்தேர்தலில் நிற்கவும் முடியாமற் போயிற்று.

இந்த நிலைமையில்தான் 2005-ல் ஸ்வீடன் தேசத்து ரைட் லைவ்லிஹுட் பரிசு அவருக்கு வந்தது. 'மாற்று நோபல்' என்று உலகம் அழைக்கும் பரிசு அது. பரிசு வந்த நாளில் இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் ஒரு குற்றவாளி. 2008 நவம்பர் 24-ந் தேதிதான் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2014 மார்ச் 31-ந் தேதி அவர் காலமானார்.

வாசகர்களே, இதிலிருந்து ஒன்று விளங்கவேண்டும். இத்தகைய பரிசு, ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்குக் கொடுக்கும் கிண்ணமன்று. ஒரு சமூகம் தன் கடமையைச் செய்யாமல் விட்டது. அதை ஒருத்தி தனியே நின்று செய்தாள். அதற்கு அத்தாட்சியாகத் தூர தேசத்தார் எழுதிக்கொடுத்த சீட்டு அது. 2023-ல் சமாதானத்திற்கான நோபல் பரிசு ஈரானின் நர்கெஸ் முகம்மதி அம்மையாருக்குக் கிடைத்தபோது அவர் சிறையில் இருந்தார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் மேடையேறி அதை வாங்கினார்கள். அப்பரிசினால் சிறை வைத்தவர்களுக்குப் பெருமையா, இழிவா? இழிவென்றால், வாய்மூடி இருந்தவர்களுக்கு மட்டும் அது எப்படிப் பெருமையாகும்?

நிற்க. ஐரின் அம்மையார் செய்த குற்றந்தான் என்ன? அவர் ஆயுதம் ஏந்தவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதினார், எழுதியதை வெளியிட்டார். எழுதுவதே நம் பிழைப்பு. நாம் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலம் படித்ததனால் வெயிலில் நிற்காமல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து சம்பளம் வாங்குகின்றவர்கள். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு எவ்வளவு பிடித்தம், கிடங்கிலிருந்து களைக்கொல்லி எத்தனை லிட்டர் வெளியே போயிற்று என்பதெல்லாம் நம் கையெழுத்தில்தான் இருக்கின்றன. தோட்டத்தின் உண்மை முழுவதும் கிராணியின் புத்தகத்தில் உறங்குகின்றது. அதைத் தட்டி எழுப்பியவர் கிராணியல்லர், ஒரு பெண்.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதையைப் பாருங்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து அம்மருந்தை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அம்மருந்து நகத்தைக் கெடுக்கும். மூக்கிலிருந்து இரத்தம் வரவழைக்கும். ஒரு வாய் உள்ளே போனால் உயிரைக் குடிக்கும். தோட்டப் பெண்களைப் பரிசோதித்து, அவர்கள் உடம்பில் விஷம் ஏறிய விதத்தை 2002-ல் தெனாகானித்தாவும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கமும் சேர்ந்து புத்தகமாக வெளியிட்டன. அவ்வருஷமே சர்க்கார் அம்மருந்தைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தது. 2006-ல் அத்தடையைத் தளர்த்திற்று. 2020 ஜனவரி 1-ந் தேதி முதல்தான் முழுத் தடை வந்தது. இத்தனை வருஷமும் மருந்தை அளந்து கொடுத்தவர் ஒரு கிராணி. நகம் கழன்ற பெண் மறுநாள் பெரட்டுக்கு வராதபோது அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுதியவரும் ஒரு கிராணியே. நம் வர்க்கத்தார் எழுதிய எழுத்து அது. அதற்கு யாரும் பரிசு கொடுக்கமாட்டார்கள். யாரும் வழக்கும் போடமாட்டார்கள்.

இது புதிய குற்றச்சாட்டன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த அத்தொழிலாளிகளின் கோரிக்கைகளில், கூலிப் பெண்களை வெள்ளைத் துரைமாரும் 'கறுப்புத் துரைமாரும்' தொந்தரவு செய்வதை நிறுத்தவேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கு முன்னும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது மற்றொன்று. அந்தக் கறுப்புத் துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தர்களும் யார்? நம் உத்தியோகப் பாட்டன்மார்களே. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. கிராணிமார் உத்தியோகத்தில் நிலைத்திருந்தார்கள்.

இனி, ஐரின் அம்மையாரைப்பற்றி நம்மவர் சொல்லும் ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"அவர் தமிழரல்லர், மலையாளி, அதிலும் கிறிஸ்தவர்" என்கின்றார்கள் சிலர். பரிசு வந்தபின் "தோட்டத்து மண்ணில் முளைத்தவர்" என்றும், வழக்கு நடந்தபோது "நம்மவரல்லர்" என்றும் சொல்லும் நாக்குக்கு எலும்பில்லை என்பது உண்மைதான், வெட்கமுமா இல்லை? மருந்தடித்த பெண்ணின் சாதியையும் மதத்தையும் கேட்டுக்கொண்டா விஷம் உடம்பில் ஏறிற்று?

"அவர் வங்காளதேசத்தானுக்கும் இந்தோனேசியனுக்கும் வாதாடினார், அவர்களோ நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்" என்பது இரண்டாவது ஆட்சேபணை. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் குறைந்த கூலிக்குக் கேள்வி முறையற்ற ஆட்கள் கிடைப்பதனால்தான் முதலாளி அவர்களை வரவழைக்கின்றான். அவர்களுக்கும் சட்டமும் முறையும் உண்டென்றாகிவிட்டால் அந்த லாபம் போய்விடும். ஆகவே அவர்களுக்காக வாதாடியவர் நமக்காகவும் வாதாடியவரே. அன்றியும், நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அவரும் இன்னொருவன் கண்ணுக்குக் கூலியைக் குறைக்க வந்த அந்நியனாகத்தான் தெரிந்திருப்பார். அவரைப் பரிகசித்தவனை நாம் இன்று நல்லவன் என்று சொல்லுவோமா?

"வெள்ளைக்காரன் கொடுக்கும் பரிசுக்காக நாட்டைக் காட்டிக்கொடுத்தார்" என்பது மூன்றாவது. அறிக்கை 1995-ல், பரிசு 2005-ல். பத்து வருஷங்களுக்குப்பின் ஒரு பரிசு வருமென்று கணக்கிட்டு அத்தனை காலம் கோர்ட்டுப் படியேறும் மனிதர் உலகத்தில் உண்டா?

பட்டணத்துப் படித்த பெண்ணுக்கும் நாம் வேறு மரியாதை செய்துவிடவில்லை. 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்த அம்பிகா ஸ்ரீனிவாசன் அம்மையார், 2009-ல் அமெரிக்க சர்க்காரின் சர்வதேச வீரப் பெண்மணிகள் விருதைப் பெற்றார். நேர்மையான தேர்தல் வேண்டுமென்று 2011 ஜூலை 9-ந் தேதி கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட பெர்சே ஊர்வலத்திற்கு அவரே தலைமை தாங்கினார். 2012-ல் அவர் வீட்டு வாசலுக்கு எதிரே பர்கர்க் கடை போட்டார்கள். முன்னாள் ராணுவத்தார் சிலர் பின்புறத்தைக் காட்டித் தேகப்பயிற்சி செய்தார்கள். அன்று நம் ஆலயக் கமிட்டிகளும் வாலிபர் சங்கங்களும் நிறைவேற்றிய கண்டனத் தீர்மானங்கள் எத்தனை என்று அந்தந்தச் சங்கத்தார் தங்கள் மினிட் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாக.

பிறரைக் குத்திக்காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கூட்டம் முடிந்து அன்றிரவு ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்திற்கு வந்து சேர்ந்தோம். காலையில் அலுவலகத்தில் இரும்பு அலமாரியைத் திறந்தபோது கை நின்றுவிட்டது. அதனுள்ளே அந்நியத் தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சாவி நம்மிடம். சென்ற வருஷம் லொம்போக் தீவிலிருந்து வந்த ஒரு பெண், ஊரில் தாயார் சாகக் கிடப்பதாகச் சொல்லித் தன் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். மானேஜர் வரட்டுமென்றோம். மறுநாளும் கேட்டாள், அதையே சொன்னோம். மானேஜர் திரும்பிவர நான்கு நாளாயிற்று. நான்காம் நாள் அவள் கேட்க வரவில்லை. ஊரில் அடக்கம் முடிந்துவிட்டதென்று தண்டல் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. அன்றைக்கும் அவள் தன் பங்கு வேலையை முடித்திருந்தாள். நாமும் அதைக் குறையின்றிப் பதிந்தோம்.

ஐரின் அம்மையாரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது கோர்ட்டு. அதற்குச் சட்டத்தின் உத்தரவு இருந்தது. இந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள் நாம். நமக்கு என்ன உத்தரவு இருந்தது? சட்டப்படியான அதிகாரமின்றிப் பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். ஆங்கிலத்தில் அச்சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் சக்தி நமக்கு இருந்தது, படிக்கவில்லை. அந்தப் பெண்ணை அலமாரிக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஐரின் அம்மையாரின் படத்தைப் பார்த்துக் கைதட்டினோம்.

ஆகவே தோழர்களே, மாலைக்கும் மல்லிகைக்கும் ஆகும் செலவைக் கொஞ்சகாலம் நிறுத்தி வையுங்கள். பரிசு பெற்ற பெண்ணின் படத்தை மாட்டுவதற்குமுன் அவள் எதற்காகப் போராடினாள் என்று கேளுங்கள். அந்த அநியாயம் நம் தோட்டத்தில், நம் கடையில், வேலைக்காரப் பெண்ணை வைத்திருக்கும் நம் வீட்டில் இன்றும் இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், அது தீரும்வரை படத்திற்கு மாலை வேண்டாம். உங்கள் மகள் நாளைக்கு ஓர் அநியாயத்தைக் கண்டு எழுத உட்கார்ந்தால், "உனக்கேன் ஊர் வம்பு" என்று அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்காதீர்கள்.

நாம் செய்தது சிறிது. மேற்படி சட்டத்தைக் குறிப்பிட்டு, அலமாரியிலுள்ள பாஸ்போர்ட்டுகளை உரியவர்களிடமே ஒப்படைக்கவேண்டுமென்று மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதி, நம் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கின்றோம். இதை எழுதும்வரை பதிலில்லை. உத்தியோகம் நிலைக்குமா என்பதும் தெரியவில்லை. அக்கடிதத்தின் நகல் நம்மிடம் இருக்கின்றது. கேட்கின்ற கிராணிமார்களுக்கு இப்பத்திரிகையின் மூலமாக அனுப்பி வைப்போம். அவரவர் தங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.