நீரைச் சோதிக்கிறோம், வண்டலை?

காரவள்ளியைத் தாண்டினால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய மறுநாள், அந்த அடிவாரத்து ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது செம்மண் கலங்கல். சில மணி நேரத்தில் மேலே நீர் தெளியும், அடியில் மெல்லிய சேறு படியும். பூச்சிமருந்துகளில் எது மேலே நிற்கிறது, எது சேற்றோடு இறங்குகிறது என்பதை நமது ஆற்று நீர்ச் சோதனைகள் போதுமான அளவுக்குக் கண்டுகொள்வதில்லை என்பது என் எண்ணம்.

டிடிடியும் பிஎச்சியும் ஒரே தலைமுறை விவசாயிகள் தூவிய பவுடர்கள்தான். ஆனால் தண்ணீரில் அவற்றின் போக்கு வேறு. பிஎச்சியில் பூச்சியைக் கொல்லும் பகுதியான லிண்டேன், லிட்டர் நீரில் சுமார் 7 மில்லிகிராம் கரையும். டிடிடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. நீரோடு ஒட்டாத பொருள், மக்கிய இலைதழை கலந்த நுண்துகள் கிடைத்தால் அதில் ஏறிக்கொள்ளும். வெறும் மணலில் அவ்வளவாக ஏறாது. துகளில் உள்ள கரிமச்சத்துதான் இதைத் தீர்மானிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டர் நீரில் நிற்பதைப்போல ஒரு லட்சம் மடங்கு, கிலோ வண்டலில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிடிடி வகைக்கு இது மிகையல்ல. லிட்டருக்கு 10 மில்லிகிராம் வண்டல் மிதந்தால் நஞ்சில் சரிபாதி துகளில் இருக்கும். வெள்ளத்தில் அது 100 மில்லிகிராம் ஆனால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் துகளுக்குப் போய்விடும். லிண்டேனுக்கு அந்த மடங்கு நூறையொட்டி இருந்தால், அதே வெள்ளத்திலும் நூற்றில் ஒரு பங்குதான் துகளேறும். ஆக, வெள்ளநீரை வடிகட்டிச் சோதித்தால் லிண்டேன் ஏறக்குறைய முழுதாக அகப்படும். டிடிடியில் பெரும்பகுதி வடிதாளிலேயே தங்கிவிடும். (வடிதாளையும் நழுவிப் போகும் மிக நுண்ணிய துகள்கள் 'கரைந்தது' கணக்கில் சேர்வது தனிக் குழப்பம்.)

வெள்ளாற்றில் இதை ஒட்டிய கணக்கு ஒன்றைப் போட்டே பார்த்திருக்கிறார்கள். கொல்லிமலையின் கிழக்குப் பக்கத்து மழைநீர், தம்மம்பட்டி வழியாகச் சுவேத நதியாக ஓடி வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவு திகைக்க வைப்பது: படுகையில் தெளித்த பிஎச்சியில் 99.6 சதவீதம் காற்றில் போய்விட்டது. முகத்துவாரம் வரை வந்தது 0.4 சதவீதம், அதிலும் முக்கால் பங்கு அங்கேயே ஆவியானது. நம் வெயிலில் பிஎச்சி ஆற்றை நம்பிப் பயணம் செய்யவில்லை. டிடிடி அப்படி எளிதில் பறக்காது. அதற்கு வாகனம் மண்தான். 'ஆறு சுத்தமா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் அதனால் அர்த்தமில்லை. எந்த நஞ்சு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

தடை வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மை. விவசாயத்துக்கு டிடிடி 1989இல் நிறுத்தப்பட்டது, பிஎச்சி 1997இல் தடையானது, எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இத்தகைய நீடித்த நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. ஆனால் டிடிடியும் அது சிதைந்து உண்டாகும் டிடிஇயும் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். மண் அரிக்கும்போதெல்லாம் மறுபடி கிளம்பும். கொல்லிமலைச் சரிவுகளில் சாமையும் தினையும் இருந்த இடங்களை ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கு பிடுங்கக் கிளறிய சரிவில் அடுத்த மழை முதலில் அரித்துப்போவது, நஞ்சு ஒட்டக்கூடிய அந்த நுண்மண்ணைத்தான். மலைமண் நஞ்சாகிக் கிடக்கிறது என்று சொல்ல வரவில்லை. மலையோ சமவெளியோ, பழைய நஞ்சு இருக்குமானால் அது நகரும் வழி இதுதான்.

அரித்த மண் போய்ச் சேருமிடம் ஏரி. 2017இல் ஏரிகளைத் தூர்வாரும் குடிமராமத்து தொடங்கியபோது, வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளலாம் என்று அரசு சொன்னது நல்ல காரியம். நம் வயல்களுக்கு வண்டல் அடிப்பது காலங்காலமான வழக்கம். குடிநீரில் டிடிடி லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என இந்தியத் தரநிலை வரம்பு கட்டுகிறது. வயலுக்குப் போகும் வண்டலையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டாமா? நெல்லுக்கும் பருத்திக்கும் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகப் பவுடர் தூவிய பகுதிகளில் உள்ள ஏரிகளிலாவது, சேற்றில் டிடிடி, டிடிஇ அளந்து, அளவை வண்டல் அள்ளும் அனுமதிச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆறுகளில் வெள்ளக் காலத்து மாதிரிகளை வடிகட்டாமலும் வடிகட்டியும் இரண்டாகப் பார்க்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான ஆய்வக வசதி இருக்கிறது. சித்திரையில் ஏரி வற்றி டிராக்டர் இறங்குவதற்கு முன் சேற்று மாதிரி எடுப்பது பெரிய வேலையும் அல்ல.