பத்துக் குலைதானே!



சென்ற மழைக்காலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தேன். அவன் அப்பா செம்பனைக் குலைகளைக் கொட்டுவதற்காக டிரெய்லரை உயர்த்தியபோது, அது பக்கவாட்டில் சாய்ந்து டிராக்டரையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்துவிட்டது. குதித்துத் தப்பப் பார்த்தவருக்குக் கால் முறிந்தது. பார்க்கப் போனேன். "பத்துக் குலைதான் சார் கூட ஏத்துனேன்" என்றார்.

அந்தப் பத்துக் குலையைக் கணக்குப் பார்ப்போமா?

ஒரு குலை 20 கிலோ என்றால் 50 குலைகள் 1 டன். 2 டன் தாங்கும் டிரெய்லருக்கு 100 குலைகளே அளவு. பத்து கூடினால் 200 கிலோ. மூன்று ஆட்களை உச்சியில் உட்கார வைத்ததற்குச் சமம்.

எடை மட்டுமா கவிழ்க்கிறது? இல்லை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். வாளி அதே வாளிதான். ஆனால் உடம்பே முன்னால் சாயும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் 100 கிலோ, 1 மீட்டரில் இருக்கும் 200 கிலோவுக்குச் சமமாக இழுக்கும். குலை தூக்கும் கிராப்பருக்கும், மூட்டை தூக்கும் டெலிஹேண்ட்லர் வண்டிக்கும் இதே விதிதான். கை நீள நீள, தூக்கக்கூடிய எடை குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் பாரப் பட்டியல் அதைத்தான் சொல்கிறது.

உயரமும் அப்படியே. இளகிய மண்ணில் ஒரு சக்கரம் நான்கு விரற்கடை அமிழ்ந்தாலும், தூக்கிய பாரம் மேலே அதைவிட அதிகமாகச் சாயும். பாரத்தின் நடுப்பகுதி சக்கரத்துக்கு வெளியே போய்விட்டால் எவராலும் நிறுத்த முடியாது.

ஆகவே, சமதரையில் நிறுத்திய பிறகே டிரெய்லரை உயர்த்துங்கள். உயர்த்தியபடி வண்டியை நகர்த்தாதீர்கள். அருகில் ஆள் நிற்கக் கூடாது. பாதுகாப்புச் சட்டம் பொருத்திய டிராக்டரில் இடைவார் கட்டுங்கள். சாய்ந்தால் குதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, பிள்ளைகளை டிரெய்லரில் ஏற விடாதீர்கள்.

"டன் கணக்கில்தானே சார் சம்பளம்?" என்பீர்கள். உண்மைதான், அந்த அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

விடைபெறும்போது அந்தத் தந்தை சொன்னார்: "அடுத்த நடையில ஏத்தியிருந்தா பத்து நிமிஷந்தான் சார் ஆகியிருக்கும். இப்ப ஆறு மாசம் படுத்திருக்கேன்."

பத்துக் குலை அடுத்த நடைக்குக் காத்திருக்கும். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.