மணி அடித்த பின்பும்

“ஆசிரியர் வேலையா? பாதி நாள் வேலை. ஆண்டுக்கு 12 வாரம் விடுமுறை!” இப்படிப் பேசுவோரை நம் உறவினர்களிடையேகூடக் காணலாம். வாரக் கணக்கு சரிதான். மார்ச்சில் ஒன்று, ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டிறுதியில் ஆறு. ஆனால், அது மாணவர்களுக்கான விடுமுறை. அந்த வாரங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சிகளும் கூட்டங்களும் கூடுதல் வகுப்புகளும் இருக்கின்றன.

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2018இல் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை செய்வதாக அதில் கூறினர். பாடம் நடத்துவது அதில் சுமார் 18 மணி நேரம் மட்டுமே. மீதி எங்கே போகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். வகுப்பில் 40 மாணவர்கள். ஒரு கட்டுரையைப் படித்து, திருத்தி, குறிப்பெழுதப் பத்து நிமிடம். மொத்தம் 400 நிமிடம். அதாவது, ஆறரை மணி நேரத்துக்கும் மேல். இரண்டு வகுப்புகள் என்றால் இரு மடங்கு. (கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருந்தால் பத்து நிமிடம் போதாது!) இதன்மேல் இணைப்பாட நடவடிக்கைகள், பெற்றோர் சந்திப்பு, போட்டிகள். களைத்துப்போன ஆசிரியர் இரவு பதினொரு மணிக்குத் திருத்தும் 38ஆவது கட்டுரை உங்களுடையதாகவும் இருக்கலாம்.

இரவுப் பணி செய்யும் தாதியரும் விடியுமுன் பேருந்தை எடுக்கும் ஓட்டுநர்களும் கடுமையாக உழைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பளத்தைப் பொறுத்தவரை ஆசிரியர்களை யாரும் மறந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் சுமார் 35,000 ஆசிரியர்களின் சம்பளம் 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்ந்தது. வேறுபாடு நேரத்தில்தான் இருக்கிறது. பேருந்தைப் பணிமனையில் விட்டதும் ஓட்டுநரின் அன்றைய வேலை முடிகிறது. கூடுதல் நேரம் ஓட்டினால் தனி ஊதியம் உண்டு. ஆசிரியர் வீட்டுக்குச் சுமந்து செல்லும் கட்டுரைக் கட்டுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

ஆகவே, சம்பளத்தை உயர்த்துவதைவிட வேலைகளைக் குறைப்பதே முக்கியம் என்பேன். ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டியதில்லை என்று 2024இல் கல்வி அமைச்சு தெளிவுபடுத்தியது. பள்ளி நேரத்துக்குப் பின் வரும் அவசரமற்ற செய்திகளுக்கு அவர்கள் பதிலளிக்கவும் வேண்டியதில்லை. நல்ல தொடக்கம். அடுத்து, படிவங்களைச் சேகரிப்பது, சுற்றுலாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது போன்ற வேலைகளை அலுவலக ஊழியர்களிடம் ஒப்படைக்கலாம். அதற்குக் கூடுதல் ஆட்கள் தேவை, செலவும் ஆகும். அடுத்த சம்பள உயர்வுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால், பல ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.