கண்ணில் நிற்கும் ஒளி

திருத்தங்கல், சிவகாசியை அடுத்த பழம்பெரும் ஊர். 2021-ஆம் ஆண்டு முதல் சிவகாசி மாநகராட்சியின் ஒரு பகுதியாய் விளங்குவது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டுள்ள இவ்வூர் பண்டு தங்கால் என வழங்கிற்று. சங்கப் புலவராகிய தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இவ்வூரினர் என்பர். மணியை எப்பக்கம் திருப்பினால் ஒளி தெறிக்கும் என்பதைப் பொற்கொல்லர் நன்கு அறிவர். நிழற்படக் கலைஞரும் அதனை அறிதல் வேண்டும். அவர்க்கு மணியாவது மக்களின் கண்.

ஒருவருடைய கண்ணை உற்று நோக்கின், கருவிழியின்மேல் சிறு வெண்புள்ளி மின்னக் காணலாம். கருவிழியை மூடியுள்ள தெளிந்த படலம் குவியாடி போல் வளைந்தும் ஈரத்தால் பளபளத்தும் இருத்தலின், எதிரேயுள்ள ஒளி அதில் சிற்றுருவாய்த் தோன்றுகின்றது. சாளரத்தின் எதிரே இருப்பவர் கண்ணில் சாளரமே தெரியும். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-இல் தீட்டிய முயலின் கண்ணிலும் சாளரம் ஒன்று தெரிகின்றது. ஒரு முயலுக்கு அவர் காட்டிய பரிவை மனிதர்க்குக் காட்டத் தயங்குவோர் இன்று பலர்!

அவ்வொளி இல்லாத கண் படத்தில் இரு கரும்பள்ளமாய்த் தோன்றும். முகம் சிரித்தாலும் கண் சிரியாது. ஆயின், ஒளி இருந்தால் மட்டும் போதாது. எவ்வொளி, எவ்விடத்தில் என்று தேர்தல் வேண்டும். கதிரவன் ஒளி மேலிருந்து வருதலே இயற்கை. ஆதலின் கருவிழியைக் கடிகார முகமாகக் கருதினால், பத்து மணிக்கோ இரண்டு மணிக்கோ உரிய இடத்தில் அது நிற்றல் அழகு. கீழிருந்து வரும் ஒளி நாடகமேடை அரக்கரை நினைவூட்டும். புருவம் முன்தள்ளியவர்க்கு விளக்கைச் சிறிது தாழ்த்தாவிடின் ஒளி கண்ணை எட்டாது.

இக்காலத்து வளைய விளக்கு கண்ணுள் வெள்ளை வளையம் ஒன்றைப் பதிக்கின்றது. முகச்சுருக்கம் மறையும், வேலையும் விரைவில் முடியும் என்பர் அதனை விரும்புவோர். மணப்பெண்ணின் அணிகலன்களைக் காட்டுதற்கு அஃது உதவலாம். ஆனால் எவர் கண்ணிலும் ஒரே வளையம் எனின், அவரவர் கண் என்பது எங்கே? பின்னர்க் கணினியில் வெண்புள்ளி இடுவது இன்னும் பொல்லாதது. கன்னத்தில் ஒளி இடப்புறமிருந்து வீழ, கண்ணில் அது வலப்புறம் மின்னும். ஒளியைத் தவிர்த்தல் குறை, இதுவோ பொய்.

சிறு புள்ளிக்கு இத்துணைப் பேச்சா எனச் சிலர் நகைக்கலாம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வட்டாரம் அத்தகைய துயரைப் பலமுறை கண்டது. உழைப்பாளி ஒருவர் திடீரென மறைந்தால், அடையாள அட்டைக்கென எடுத்த படத்தையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டி விளக்கேற்றும் வீடுகள் உண்டு. அரை நிமிடத்தில் நேர் ஒளி பாய்ச்சி எடுத்த படம் அது. தந்தையின் முகத்தை அறியாத குழந்தைக்கு அப்படமே தந்தை. ஆகவே, அட்டைக்குரிய படம்தானே எனக் கருதி அதனைப் புறக்கணித்தல் தகாது.

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டுவதன்று. நிழல் படிந்த திறந்த வாயிலை நோக்கி நாற்காலியைச் சற்றே திருப்பி இடலாம். வேட்டியொன்றை மடியில் விரித்தால் மோவாய்க்கீழ் இருளும் குறையும். அட்டைக்குரிய நேர்முகப் படம் ஒன்று எடுத்தபின், இவ்வாறு மற்றொன்றும் எடுத்துக் கொடுக்கலாம். அப்படத்தைப் பெரிதாக்கினால் கண்ணில் வாயிலின் வடிவம் தெரியும். சில வேளை, படம் எடுக்கும்பொழுது வாயிலில் நின்று வேடிக்கை பார்த்த குழந்தையின் சிற்றுருவும் அதனுள் நிற்கும்.