விஞ்ஞானச் சிந்தனை: பெங்களூரில் இழைத்த வானக் கண்ணாடி



பிழைப்பை நாடித் தமிழகத்தினின்று பெங்களூருக்கு வந்தோர் நம்மிற் பலர். இவ்வூரில் உருப்பெற்றுத் தமிழகத்திற் சென்று குடியேறிய பொருள் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுத விழைகின்றேன். ஜவ்வாது மலைச் சாரலில், காவலூரில் நிற்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியே அது.

2.34 மீட்டர் குறுக்களவுள்ள அந்த ஆடியை அயல்நாட்டில் செய்து முடித்த நிலையிலேயே வாங்கியிருக்கலாம். டாக்டர் வைணு பாப்பு அவ்வழியை விரும்பவில்லை. கண்ணாடி வட்டு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதனைத் தேய்த்து மெருகிடும் பணி இங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கூடத்தில், ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நடைபெற்றது.

இத்தகைய ஆடியின் முகத்தில் இருக்கத்தக்க பிழை, தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. அதனைக் கையால் தடவி அறிதல் இயலாது. பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858-இல் எளிய வழியொன்று கண்டார். ஆடியிலிருந்து திரும்பும் ஒளி குவியும் இடத்தில் ஒரு கத்தி முனையை மெல்ல நுழைத்துப் பின்னிருந்து நோக்க வேண்டும். கோள வடிவ ஆடி பிழையற்றதாயின் அதன் முகம் முழுவதும் ஒருங்கே மங்கும்; பிழையிருப்பின் மேடும் பள்ளமும் நிழலாகத் தோன்றும். சோதிப்பது, சிறிது மெருகிடுவது, மீண்டும் சோதிப்பது என்று வேலை மாதக்கணக்கில் நீளும். மேட்டைக் குறைத்துவிடலாம், அளவுக்கு மிஞ்சித் தேய்த்த பள்ளத்தை நிரப்ப வழியில்லை. சுற்றுமுற்றும் உள்ள முகம் முழுவதையும் அதன் மட்டத்துக்கு இறக்கியாக வேண்டும்!

பாப்பு 1982-இல் மறைந்தார். 1986 ஜனவரியில் திறந்து வைக்கப்பெற்ற தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அகச்சிவப்புக் கதிர்களைக் காணும் கருவிகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. வெம்மையுள்ள பொருள் யாவும் அக்கதிரை வீசும். ஆடியும் அதற்கு விலக்கன்று. கையில் தீவட்டியை ஏந்தி மின்மினியைத் தேடுவது போன்ற நிலை அது. ஆதலின் கருவியின் உள்ளே அமையும் ஆடிகளைக் காற்றகற்றிய கலத்தில் வைத்துத் திரவ நைட்ரஜன் முதலியவற்றால் குளிர்விப்பர். அகச்சிவப்புக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் பொன்னை மேலே பூசுவதும் உண்டு. குளிரில் பொருள் சுருங்குமாதலின், அறையில் செம்மையாக நின்ற ஆடி அங்கே கோணக்கூடும். எனவே, எக்குளிரில் பணி செய்யுமோ அக்குளிரிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும்.

லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றினூடே அகச்சிவப்பிலும் வானை நோக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை நம் அருகிலுள்ள ஹொஸ்கோட்டையிலிருந்து இயக்குகின்றனர். அவ்வளாகத்திலேயே 2020 டிசம்பரில் ஓர் ஆடிப் பட்டறை திறக்கப்பெற்றது. முப்பது மீட்டர் தொலைநோக்கி என்னும் பன்னாட்டுத் திட்டத்துக்கு வேண்டிய 492 ஆடித் துண்டுகளில் ஒரு பகுதியை மெருகிடுவதற்காக அமைந்தது அது. கண்ணாடி வட்டை விளிம்பில் விசை கொடுத்துச் சிறிது வளைத்து, அந்நிலையில் கோள வடிவமாக மெருகிட்டு, விசையை நீக்குவர். வட்டு தானே நிமிர்ந்து வேண்டிய வடிவத்தை அடையும். அத்தொலைநோக்கி இன்னும் எழவில்லை. ஆயினும் இங்கே பழகிய கைத்திறன் வீண்போகாது.

பெற்றோர்களே! கையில் அழுக்குப் படாத உத்தியோகமே உயர்வு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். விண்மீனின் ஒளியைப் பிடிக்கும் ஆடியை ஆக்கியது கூடத்தில் நின்று தேய்த்த கைகளே. பிழையை ஒளிக்காது காட்டும் சோதனையும், அதனை ஏற்றுத் திருத்தும் பொறுமையும் அக்கைகளுக்குத் துணை நின்றன. பட்டறைத் தொழிலை விரும்பும் பிள்ளையைத் தடுக்கும்முன், ஒருமுறை காவலூர் ஆடியை நினைந்து பாருங்கள்.