பரிசைப் பறித்த பூட்ஸ்!

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. 2021 செப்டம்பரில் அங்கே மாரத்தான் ஓட்டம் நடந்தது. தூரம் 42 கிலோமீட்டர். எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா முதலாவதாக வந்தார். சிறிது நேரத்தில், "வெற்றி செல்லாது" என்று அறிவித்து விட்டார்கள்!

ஏன்? அவர் குறுக்கு வழியில் ஓடவில்லை. யாரையும் தள்ளவில்லை. அவருடைய பூட்சின் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் தடிப்பு! 4 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்பது 2020-ல் வந்த விதி. முதல் இடம் கென்யா வீரருக்குப் போயிற்று.

தடித்த பூட்ஸ் பாரம்தானே என்று கேட்கலாம். அதுதான் இல்லை. அதன் அடியில் இருப்பது காற்றுப் போன்ற நுரை. மிதித்தால் அமுங்கும், உடனே எழும்பிக் காலைத் தள்ளும். உள்ளே கார்பன் தகடும் உண்டு. ஓடுகிறவருக்குக் களைப்பு குறைகிறது.

2023-ல் பெர்லின் நகரில் டிகிஸ்ட் அசெபா என்ற எத்தியோப்பியப் பெண் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி முடித்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், அதே நாட்டு ஆண் வீரர் அபெபே பிகிலா தங்கம் வென்ற நேரத்தைவிட இது குறைவு! அசெபா அணிந்த அடிடாஸ் பூட்ஸ் ஒன்றின் எடை 138 கிராம். ஜோடி விலை 500 டாலர். அதுவும் ஒரே ஒரு மாரத்தானுக்கென்று செய்தது என்று கம்பெனியே சொன்னது.

பிகிலாவோ, 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியவர். இன்று அப்படி ஒரு ஏழைப் பையன் வந்தால், 500 டாலர் பூட்சோடுதான் அவன் மோத வேண்டும். விதியில் தடிப்புக்கு அளவு போட்டவர்கள், விலைக்குப் போடவில்லை.