பாட்டும் வழுவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆங்கில வகுப்பொன்றிலே முதலாம் வருட மாணவரொருவர் ஓர் ஐயத்தைக் கிளப்பினார். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட ‘ஐ கான்ற் கெற் நோ சற்றிஸ்பக்ஷன்’ என்னும் பாட்டின் தலைப்பில் ‘கான்ற்’, ‘நோ’ என எதிர்மறை இரண்டு வருகின்றன. தமிழில் ‘தெரியாமலில்லை’ என்றால் தெரியும் என்பதே பொருள். அங்ஙனமாயின் பாடுபவர் தமக்குத் திருப்தி கிட்டுகின்றது என்றா கூறுகிறார்? “பாட்டிலே இலக்கணம் தேடக்கூடாது; அது கவிஞனின் சுதந்திரம்” என்று விடை வந்தது. வகுப்புச் சிரித்தது. அதன்பின் அம்மாணவர் அவ்வகுப்பில் வாய் திறந்ததை நான் காணவில்லை.

அவ்விடை பொய்யானது என்பதே என் வாதம். கவிச் சுதந்திரம் இன்னதென்பதை நம் இலக்கணகாரர் நன்கறிவர். ஓசை கருதி வல்லெழுத்து மெலிதலும் குறில் நீளுதலும் செய்யுள் விகாரங்கள். பேச்சிலே அவற்றுக்கு இடமில்லை. இங்கோ, பாட்டில் வரும் இத்தொடரமைப்பையே கோடிக்கணக்கான மக்கள் வீட்டிலும் வேலைத்தலத்திலும் அன்றாடம் வழங்குகின்றனர். இது வழுவன்று, வழுவமைதியுமன்று. வேறொரு வழக்கின் வழாநிலை.

அவ்வழக்கில் ‘நோ’ என்பது ‘கான்ற்’ என்பதை மறுக்க வருவதில்லை; ஒரே மறுப்பு வாக்கியத்தின் சொற்களூடே இயைந்து தொடர்கிறது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞரின் பேச்சை ஆராய்ந்த வில்லியம் லபோவ், அப்பேச்சுக்கும் திட்டமான விதிகள் உண்டென்பதை 1972இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். ஆங்கிலத்துக்கு இது புதிதுமன்று. சோசர் தம் காப்பியத்தின் முகவுரையிலே வீரனொருவனின் பண்பைக் கூறுமிடத்து, இரண்டே அடிகளில் நான்கு எதிர்மறைகளை அடுக்குகிறார். கற்றோர் எழுத்தில் அவ்வழக்கு அருகிய பின்னரே, பிற்காலத்தில் லண்டன் ஆயரான றொபேட் லோத் போன்றோர் 1760களில் ஈரெதிர்மறை உடன்பாடாகும் என்று விதி வகுத்தனர். ரஷ்ய மொழியிலே எதிர்மறைகள் இவ்வாறு இயைந்து வருதலே செம்மையான வழக்கு. அதற்காக ரோல்ஸ்ரோயைத் தர்க்கமறியாதவர் என்று எவரும் கூறுவதில்லை.

பாடிய மிக் ஜாகரோ லண்டன் பொருளியற் கல்லூரியிலே பயின்றவர். ஏட்டு வழக்கு அவருக்குத் தெரியாததன்று. தம் குழுவுக்குப் பெயரையே மடி வோட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரின் பாட்டிலிருந்து பெற்றவர்கள், அவ்விசையோடு அதன் மொழியையும் எடுத்துக்கொண்டனர். புளூஸ் பாடகரின் இலக்கணத்தைப் ‘பிழை’ என்பவர், அவரைப் பேசத் தெரியாதவர் என்றே சொல்கிறார். ‘சுதந்திரம்’ என்று நழுவுபவரும் அதையே சற்று நாகரிகமாகச் சொல்கிறார்.

பரீட்சையில் இவ்வாறு எழுதினால் புள்ளி குறையுமே எனச் சிலர் கேட்பர். குறையும், குறைய வேண்டியதே. ஏட்டு வழக்கைக் கற்பிப்பது நம் கடமை. ஆயினும் இரண்டும் இரு வழக்குகள் என்று கூறினால் மாணவர் குழம்புவர் என்பதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுத் தமிழையும் விடைத்தாள் தமிழையும் பிரித்தாளத் தெரிந்த பின்னரன்றோ அவர்கள் பல்கலைக்கழகம் புகுகின்றனர்! நம் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், எனப் பெயரிட்டமை வெறும் வேடிக்கையன்று. ஐயம் கேட்டவரை நகைத்து அடக்கும் ஒவ்வொரு வகுப்பும் அவ்வாளைத் தீட்டுகிறது.

2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற பொப் டிலனின் 1969ஆம் ஆண்டுப் பாட்டொன்றுக்கு ‘லே லேடி லே’ என்று பெயர். கைந்நூலின்படி அங்கே ‘லை’ என்றே இருத்தல் வேண்டும். பேச்சிலோ ‘லே’ பல நூற்றாண்டுகளாக அப்பொருளில் வழங்குகின்றது. அடுத்து எவரேனும் அதைப் பற்றிக் கேட்கக்கூடும். கேட்டால், ஓசையையும் சுதந்திரத்தையும் விடுத்து, இன்னார் இவ்வாறு பேசுவர், ஏடு இவ்வாறு எழுதும் என்று கரும்பலகையில் இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் செல்லாது.